உருவாக்கியவர்: பகலவன்

"பேருக்குக் கீய 'கட்டிட நூலகத்தின் தந்தை'ன்னு ஒரு வரி போடு," என்றார் ஜெயவேல்.

கீபோர்டில் மலிகாவின் விரல் நின்றது. திரையில் அவளுடைய அண்ணன் பகலவன் சிரித்துக்கொண்டிருந்தான். யாருடைய கல்யாணத்திலோ எடுத்த படம். பக்கத்தில் நின்றவர்களை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி வைத்து, மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று போட்டிருந்தாள். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் இருக்கும் இந்த ஃப்ளெக்ஸ் கடையில் மூன்று வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. செத்தவர்களுக்குப் பட்டம் கொடுத்துக் கொடுத்துக் கை பழகிவிட்டது. தினமும் குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்தவனுக்குக்கூட 'பாசத்தின் சிகரம்' என்று முகம் சுளிக்காமல் அடித்துக் கொடுத்திருக்கிறாள்.

"இன்னாண்ணே சொன்ன?"

"கட்டிட நூலகத்தின் தந்தை. ஆபீஸ்ல அவன அப்டி தான் சொல்லுவாங்களாம். கெத்தா இருக்கும்ல."

"அதுக்கு எடம் இல்ல."

"இம்மாம் பெரிய எடம் சும்மா கீதே மலிகா."

"இல்லண்ணே. எடம் இல்லன்னா இல்ல."

ஜெயவேல் பகலவனுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து தோஸ்து. அண்ணன் தங்கச்சி சண்டை அவருக்கும் அரைகுறையாகத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடிக்க ஓடி, பிளாட்பாரத்திலேயே மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்த பகலவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவரும் அவர்தான். அவர் டீ சொல்லப் போய்விட்டார். மலிகா பேரையும் வயது நாற்பத்தாறையும் 'நல்லடக்கம் மாலை நான்கு மணி' என்பதையும் அடித்து, அறுபது போஸ்டர் எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

தந்தையாம். வயிறு எரிந்தது அவளுக்கு.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் கட்டிடம் வரைகிறவர்கள் ஒவ்வொரு கதவையும் புதிதாக வரைந்துகொண்டிருந்தால் ஆயுசு போதாது. ஒரு கதவை ஒரே ஒரு தடவை ஒழுங்காகச் செய்து வைத்துக்கொண்டால், வேண்டிய சுவரில் எடுத்துப் பொருத்திக்கொள்ளலாம். எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் திறக்கும், என்ன மரம், என்ன பூட்டு, எல்லாம் அந்தக் கதவுக்குள்ளேயே எழுதியிருக்கும். இப்படிச் செய்து வைத்ததை ஆபீசில் பார்ட் என்பார்கள். பார்ட்டுகளை அடுக்கி வைக்கிற இடம் லைப்ரரி. அண்ணனும் தங்கையும் ஒரே ஆபீசில்தான் வேலை பார்த்தார்கள். மலிகா சேர்ந்த புதிதில் அந்த லைப்ரரியைத் திறந்தால் 'டோர் நியூ', 'டோர் நியூ டூ', 'டோர் ஃபைனல்', 'டோர் ஃபைனல் ஃபைனல்' என்று வரும். எதை எடுத்தாலும் ஒன்று சுவருக்குள் புதைந்துகொள்ளும், இல்லையென்றால் ஒன்றரை அடி தள்ளி அந்தரத்தில் நிற்கும். கொடுங்கையூர்க் குப்பைமேடு அதற்குத் தேவலை.

அதை எட்டு வருஷத்தில் சுத்தம் செய்தவள் மலிகா. பழையதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, புதிதாக முன்னூற்றுப் பன்னிரண்டு பார்ட் செய்தாள். புத்தகத்தைப் பார்த்துச் செய்யவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு ஹார்பர் கோடவுனுக்குப் போய் இரும்பு ஷட்டரை அளந்தாள். ஆஸ்பத்திரியில் வாட்ச்மேனிடம் திட்டு வாங்கிக்கொண்டே, ஸ்ட்ரெச்சர் முட்டாமல் போகிற கதவை அளந்தாள். முதலில் என்ன பொருள், பிறகு எந்த வகை, பிறகு மில்லிமீட்டரில் அளவு, கடைசியில் எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒழுங்கில் பேர் வைத்தாள். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட அரை நிமிஷத்தில் வேண்டியதை எடுத்துவிடலாம். ஒவ்வொரு பார்ட்டுக்குள்ளும் 'உருவாக்கியவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் மலிகா என்று இருந்தது.

பிள்ளைப்பேற்றுக்கு ஐந்து மாதம் லீவு போட்டாள். திரும்பி வந்து பார்த்தால் முன்னூற்றுப் பன்னிரண்டிலும் பகலவன். அவன் லைப்ரரி மேனேஜராகிக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தான். "அண்ணனுக்கு நீங்களும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணீங்களாமே" என்று முதலாளி அன்பாக விசாரித்தார். இரண்டே மாதத்தில், ஒரே வேலைக்கு இரண்டு பேர் எதற்கு என்று அவளை அனுப்பிவிட்டார்கள். அண்ணன் வீட்டுக்குப் போய்க் கேட்டாள். அவன் இட்டிலியைப் பிட்டுக்கொண்டே, "பேர்ல இன்னா கீது? நம்ம குடும்பத்துக்குள்ள தானே கீது," என்றான். அன்றோடு அந்த வாசலை மிதிப்பதை விட்டாள்.

ஒருநாள் வருவான், மன்னிப்புக் கேட்பான் என்று மூன்று வருஷம் காத்திருந்தாள். மன்னிப்பதற்காக இல்லை. முடியாது என்று அவன் முகத்துக்கு நேரே சொல்வதற்காக. என்ன வார்த்தை சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். அதைச் சொல்லவும் விடாமல் படுபாவி செத்துத் தொலைத்தான்.

எர்ணாவூர்க் குடியிருப்பில் அண்ணன் வீடு மூன்றாவது மாடி. படிக்கட்டில் ஐஸ் பெட்டி திரும்பாது என்பதால் கீழேயே பந்தல் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் புத்தர் படமும் ஒரு மெழுகுவர்த்தியும். பக்கத்தில் வெள்ளைச் சேலையில் அண்ணி மதி உட்கார்ந்திருந்தாள். மலிகா வந்ததும், விழுந்து புரளப்போகிறாள் என்று பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் விழவில்லை. கண்ணாடி வழியாக அந்த முகத்தைப் பார்த்தாள். மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். இந்த முகத்திடம் இனி எதைக் கேட்டு என்ன என்று ஆத்திரமாக வந்தது. நேராகப் போய்க் கடைசியில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"கல்லு மனசுக்காரி," என்று சித்தி கெங்கம்மா முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் சித்தியும் சொன்னாள்.

ஒரு மணி சுமாருக்கு ஆபீசிலிருந்து நிதிஷ் என்று ஓர் இளைஞன் மலர்வளையத்தோடு வந்தான். மலிகா போன பிறகு வேலைக்குச் சேர்ந்தவன். வளையத்தை வைத்துக் கும்பிட்டுவிட்டு அண்ணியிடம் குனிந்து என்னவோ சொன்னான். அண்ணி முழித்துவிட்டு, "மலிகா, இந்தத் தம்பி இன்னா சொல்லுதுன்னு கேளு. எனக்கு ஒன்னும் புரியல," என்று கூப்பிட்டாள். மூன்று வருஷத்தில் அவள் மலிகாவிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"சாரோட லேப்டாப்ப வாங்கிட்டு வரச் சொன்னாங்கக்கா," என்றான் நிதிஷ். "இந்த நேரத்துல கேக்குறதுக்கு மன்னிச்சுக்கங்க. லைப்ரரியத் திருத்துற உரிமை அது ஒண்ணுலதான் இருக்கு. நாளைக்குக் காலையில லைப்ரரிக்கே சார் பேர வைக்கிறாங்க. பகலவன் லைப்ரரின்னு. வெச்சதும் பூட்டி எல்லா கிளைக்கும் அனுப்பிடுவாங்க. அதுக்கப்புறம் யாராலயும் ஒரு எழுத்துகூட மாத்த முடியாது. எவ்வளவு பெரிய மரியாதை பாருங்க."

பாவம், நல்லது சொல்வதாகத்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

"குந்து தம்பி. எட்துகினு வரேன்," என்றாள் மலிகா. "அண்ணி, சாவி குடு."

"சாவி போதாது. எங்க வெச்சிகிறாருன்னு உனுக்குத் தெரியாது," என்று மதியும் எழுந்தாள். பொணத்தை விட்டுவிட்டு எங்கே கிளம்பினாய் என்று கெங்கம்மா சித்தி கத்தியதை இரண்டு பேருமே காதில் வாங்கவில்லை.

மூன்று மாடி ஏறிப் போனார்கள். லேப்டாப் டிவி ஸ்டாண்டில், மேலே துண்டு போர்த்தி இருந்தது. பாஸ்வேர்டை அண்ணி சொன்னாள். மலிகா லைப்ரரியைத் திறந்தாள். அவள் வைத்த பேர்கள், அவள் வைத்த வரிசை. ஒரு கதவைத் திறந்து பார்த்தாள். உருவாக்கியவர்: பகலவன். ஒரு ஜன்னல். உருவாக்கியவர்: பகலவன். கையை எங்கே வைப்பது என்று தெரியாத கோபம் வந்தது. இதை மாற்ற இரண்டு நிமிஷம் போதும். எல்லாவற்றையும் ஒரு எக்செல் அட்டவணையாக வெளியே எடுத்து, ஒரு கட்டத்தில் பேரைப் போட்டுக் கீழே வரை இழுத்துவிட்டு, திரும்ப உள்ளே ஏற்றினால் வேலை முடிந்தது. ஆபீசில் எல்லோருக்கும் அவள்தான் அதைச் சொல்லிக்கொடுத்தாள். அண்ணன் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. தங்கச்சியிடம் பாடம் கேட்பதா என்று வீம்பு.

"அப்போ முன்னூத்திப் பன்னெண்டையும் கையாலயே மாத்தினானா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"நான் படிச்சேன்," என்றாள் மதி.

"இன்னாது?"

"பேருங்கள எல்லாம் பேப்பர்ல அச்சடிச்சிகினு வந்தாரு. நான் ஒன்னொன்னா படிப்பேன். அவரு தேடி எடுத்து மாத்துவாரு. நான் டிக் அடிப்பேன். ரெண்டு ஞாயித்துக்கெயம."

மலிகா அவளையே பார்த்தாள். அண்ணி எட்டாவது வரை படித்தவள். இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

"இன்னா பண்றான்னு தெரியுமா உனுக்கு?"

"மொதல்ல தெரியாது. ஆபீஸ் வேலன்னாரு. மத்தியானமா எட்டிப் பார்த்தேன். அந்தக் கட்டத்துல உன் பேரு இருந்துது. அத அயிச்சிட்டு இவரு பேர அடிச்சாரு."

"அப்பால?"

மதி பீரோவைத் திறந்தாள். "அப்பாலயும் படிச்சேன்," என்றாள்.

பீரோவுக்குள் சேலைகளுக்கு அடியில் விரித்திருந்த பேப்பரைத் தூக்கி, அதற்கும் கீழே இருந்து மடித்த தாள்களை எடுத்து நீட்டினாள். ஏழு தாள். ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலும் பென்சிலால் சின்னதாக ஒரு டிக். கிழித்துப் போடச் சொன்னானாம். இவள் போடவில்லை. ஏன் என்று மலிகா கேட்கவில்லை. கேட்கிற நிலையிலும் இல்லை. பதில் சொல்ல வேண்டியவன் தப்பித்துப் போய்விட்டான் என்று காலையிலிருந்து வெந்துகொண்டிருந்தவளுக்கு, பதில் சொல்ல ஓர் ஆள் உயிரோடு கிடைத்துவிட்டது.

"கீய வா," என்றாள். "அன்னிக்கு எப்டிப் படிச்சியோ அப்டியே படி. அவன் முன்னாடி உக்காந்து படி."

"மலிகா, பொணம் வெச்சிகினு கீறோம்."

"அதுக்குத் தான் சொல்றேன். நாலு மணிக்கு எட்துடுவாங்க."

ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டார்கள். மலிகா மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டாள். மதி முதல் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "டோர். சிங்கிள். தொள்ளாயிரம். லெஃப்ட்," என்று படித்தாள். மலிகா அந்தக் கதவைத் தேடித் திறந்தாள். பகலவனை அழித்தாள். மலிகா என்று அடித்தாள். மூடினாள். "அடுத்தது."

"டோர். சிங்கிள். தொள்ளாயிரம். ரைட்."

"இன்னாடி பண்றீங்க ரெண்டு பேரும்?" என்று கெங்கம்மா சித்தி எழுந்து வந்தாள். "பேய் கீய் புட்ச்சிகிச்சா? சாவு வூட்ல இன்னாடி கணக்கு?"

"சித்தி, குந்து," என்றாள் மதி. குரல் தாழ்ந்துதான் இருந்தது. "இவ செஞ்சத அவரு தன்னுதுன்னு எழுதிகினாரு. நான் கூட இருந்தேன். இப்போ திருப்பி எழுதுறோம். அவ்ளோ தான்."

பந்தலில் பேச்சு நின்றுபோனது. கட்டியவளே சொல்லிவிட்டாள். அதற்கு மேல் யார் என்ன கேட்பது? வாசலில் தப்பட்டைக்காரர்கள் மட்டும் விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

நிதிஷ் பக்கத்தில் வந்து திரையைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது. மதியின் கையில் இருந்த தாளையும் பார்த்தான். எட்டு வருஷம் இதே வேலையைச் செய்தவளிடம் போய், "அக்கா, ஒண்ணொண்ணா எதுக்கு? எக்செல்ல எடுத்துப் போட்டா ரெண்டு நிமிஷத்துல எல்லாம் மாறிடுமே," என்றான்.

மலிகா அவனைப் பார்த்த பார்வையில் அவன் இரண்டடி பின்னால் போனான். ஆனால் சொன்னது சொன்னதுதான். மதி தாளை மடியில் இறக்கினாள்.

"ரெண்டு நிமிசத்துல ஆயிடுமா?"

"ஆயிடும்."

"அப்போ என்ன இன்னாத்துக்குப் படிக்க வெக்கிற?"

"நீ படிக்கணும் அண்ணி. அதுக்குத் தான்."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. புருஷன் செத்த மறுநாளே, அவன் தலைமாட்டில், ஒருத்தியை இப்படி உட்கார வைத்து வதைப்பது நியாயமா என்று கேட்டால் நியாயமில்லைதான். மலிகாவுக்கும் அது தெரியும். தெரிந்துதான் செய்தாள். மதி தாளைத் தூக்கி எறிந்துவிட்டு அழுவாள், கூட்டம் தன் மேல் பாயும், பாயட்டும் என்று காத்திருந்தாள்.

மதி அழவில்லை. நாற்காலியை இழுத்து, மலிகாவுக்கு முதுகைக் காட்டி, பெட்டிக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"ரெண்டு ஞாயித்துக்கெயம," என்று கண்ணாடிக்குள் பார்த்துச் சொன்னாள். "காலைல குந்துனா வெளக்கு வெக்கிற வரைக்கும். தொண்ட கட்டிப் போச்சு. தப்பாப் படிச்சா, எய்த்து கூடத் தெரியாத முண்டம்னு திட்டுவாரு. ஒரு வாய் தண்ணி எட்துக் குடுக்கல இந்த மனுசன்." தாளைப் பிரித்தாள். "கேக்கட்டும். டோர். டபுள். ஆயிரத்து ஐந்நூறு."

இப்போது அவள் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது. எந்த இடத்திலும் தட்டுத் தடுமாறவில்லை. கதவு முடிந்து ஷட்டர், ஷட்டர் முடிந்து ஜன்னல். மலிகாவின் விரல் அவளுக்கு ஈடு கொடுக்க முடியாமல் இரண்டு தடவை தப்பாக அடித்துத் திருத்தியது. நிதிஷ் டிக் போட்ட தாள்களை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்துக்கொண்டு வெளியே போய், ஆபீசுக்குப் போன் போட்டு, மதி சொன்னதையெல்லாம் ரொம்ப நேரம் சொல்லிவிட்டு வந்தான்.

"நாளைக்குப் பேர் வைக்கிறது இல்லையாம்," என்றான். "உங்க நம்பரக் கேட்டாங்கக்கா. குடுத்திருக்கேன்."

பொய் சொல்வானேன், மலிகாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மூன்று வருஷமாக எரிந்துகொண்டிருந்த இடத்தில் யாரோ ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிய மாதிரி இருந்தது. மலர்வளையத்தின் ரிப்பனில் 'லைப்ரரியின் தந்தை' என்று பொன் எழுத்தில் எழுதியிருந்ததை நிதிஷ் சத்தமில்லாமல் உருவிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டதையும் பார்த்தாள். அது இன்னும் நன்றாக இருந்தது.

நாலு மணிக்கு வண்டி வந்தது. பௌத்த முறைப்படி பஞ்சசீலம் சொல்ல வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஜெயவேல் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"மதி, வண்டி நிக்குதும்மா."

"நிக்கட்டும்," என்றாள் மதி. "இன்னும் ஒரு தாள் கீது."

யாரும் சொல்லாமலேயே தப்பட்டை ஓய்ந்தது. பால்கனிகளில் ஆட்கள் நின்றார்கள். கைப்பிடிக் கம்பி, கண்ணாடி, குழாய் என்று மதி படித்துக்கொண்டே வந்தாள். கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"சிங்க். வீல்சேர். எழுநூத்தி அம்பது."

மலிகா அதைத் திறந்தாள். கை கழுவுகிற தொட்டி, சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. அந்த எழுநூற்று ஐம்பது உயரம் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்ததில்லை. அம்மாவுக்குக் கால் விளங்காமல் போன வருஷம், அவளை நாற்காலியில் உட்கார வைத்து, கையை நீட்டச் சொல்லி அளந்தது. அம்மா கூச்சத்தில் சிரித்துக்கொண்டே இருந்ததால் மூன்று தடவை அளக்க வேண்டியிருந்தது. மேலே மலிகா பிடித்துக்கொண்டாள். டேப்பின் கீழ் முனையைத் தரையில் அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முட்டி போட்டு உட்கார்ந்திருந்தவன் பகலவன்.

உருவாக்கியவர் என்ற கட்டத்தில் அவன் பேர் இருந்தது. மலிகா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்க வந்தவர்கள் பெட்டிக்கு நாலு பக்கமும் நின்றார்கள். யாரோ ஒரு குழந்தை எதற்கோ அழுதது.

பேரை அழித்தாள். மலிகா என்று அடித்தாள்.

"அடுத்தது," என்றாள்.

மதி தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை.